பிபிசி மைக்ரோவில் ‘பேட் மோட்’: தமிழ் எழுத்து நிரலுக்கு எந்தத் திரைமுறை சரி?

#1 அல்சூர்க்காரன் | சனி, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடம் பழைய சாமான் அறையைக் காலி செய்தது. அதிலிருந்து காயலான் கடைக்குப் போன குவியலில் ஒரு பிபிசி மைக்ரோ (80களின் பிரிட்டிஷ் கணினி), மாடல் பி, என் கைக்கு வந்தது. மின்வழங்கியிலிருந்த வடிகட்டி கெபாசிட்டர் முதல் நாளே புகைந்துவிட்டது. பெங்களூரு எஸ்பி ரோட்டில் புதிது வாங்கிப் போட்டேன். பிறகு ஸ்விட்சைப் போட்டதும் அந்த இரட்டைச் சத்தம், திரையில் ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’. ஃப்ளாப்பி இணைப்பும் வேலை செய்கிறது.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், என் மகளுக்கு 8 வயது. பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. வீட்டில் தமிழ் சரளமாகப் பேசுகிறாள், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. செல்போன் செயலி எதிலும் மனசு நிற்கவில்லை. இந்தப் பெட்டியின் விசைகளைத் தட்டுவது மட்டும் அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால் இதிலேயே தமிழ் எழுத்து சொல்லித்தரும் நிரல் ஒன்று எழுத ஆரம்பித்தேன்.

தலைப்புப் பக்கம் மோட் 7 (மோட் என்றால் திரைமுறை). எழுத்துகள் பல நிறத்தில் வரவேண்டும் என்று மோட் 2. மாறுகிற இடத்தில் ‘பேட் மோட் அட் லைன் 210’ என்று நின்றுவிடுகிறது. வரி 210-ல் இருப்பது ‘மோட் 2’ மட்டும்தான். அதையே தனியாகத் தட்டினால் ஒழுங்காக மாறுகிறது. எங்கே தப்பு?

#2 பச்சைத்திரை | சனி, இரவு 11.15

வரி 210 ஒரு ‘ப்ராக்’குக்குள் (பெயர் வைத்து அழைக்கும் துணை நிரல்) இருக்கிறதா?

இருந்தால் அதுதான் காரணம். பிபிசி பேசிக் என்ற இந்த மெஷினின் நிரல் மொழியில் ப்ராக்கையோ ஃபங்ஷனையோ அழைக்கும்போது, திரும்பி வரவேண்டிய இடமும் உள்மாறிகளும் ஹைமெம் என்ற எல்லைக்குக் கீழே அடுக்கப்படும். திரைக்கான நினைவகம் தொடங்குவது அதே ஹைமெம்மில். மோட் மாற்றினால் ஹைமெம் நகரும், அடுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும், திரை அதன்மேல் வந்து உட்காரும். அதனால்தான் பேசிக் முதலிலேயே மறுத்துவிடுகிறது. கோசப்புக்குள் (வரி எண்ணால் அழைக்கும் துணை நிரல்) போட்டால் தடுக்காது, அதன் குறிப்புகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

ப்ராக்கிலிருந்து வெளியே எடுத்துப் பாருங்கள்.

#3 அல்சூர்க்காரன் | ஞாயிறு, காலை 7.20

நன்றி சார். ப்ராக்குக்குள்தான் இருந்தது. வெளியே எடுத்தேன். அப்படியும் ‘பேட் மோட்’. வரி எண் மட்டும் இப்போது 40.

#4 பச்சைத்திரை | ஞாயிறு, காலை 7.35

‘பிரின்ட் டாப்-பேஜ்’ (நிரலின் நீளம்) என்ன காட்டுகிறது? ‘பிரின்ட் பேஜ்’ (நிரல் தொடங்கும் இடம்) என்ன?

#5 அல்சூர்க்காரன் | ஞாயிறு, காலை 7.41

முதலாவது 7340. இரண்டாவது 6400.

#6 பச்சைத்திரை | ஞாயிறு, காலை 8.30

அப்படியானால் உங்களுக்கு இரண்டு தப்புகள் ஒரே பெயரில் வந்திருக்கின்றன. நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த மெஷினில் மொத்தம் 32 கேபி, அதாவது 32768 பைட். நிரலும் திரையும் அதே 32-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. கீழேயிருந்து நிரல் வளரும், மேலேயிருந்து திரை இறங்கும். மோட் மாற்றுவது என்பது நடுவிலிருக்கும் வரப்பைத் தள்ளி வைப்பதுதான்.

மோட் 0, 1, 2 மூன்றுக்கும் 20 கேபி வேண்டும். மோட் 0 என்றால் 640க்கு 256 புள்ளி, இரண்டே நிறம். மோட் 1-ல் 320க்கு 256, நான்கு நிறம். மோட் 2-ல் 160க்கு 256, பதினாறு நிறம். பதினாறில் எட்டுதான் நிலையான நிறம், மீதி எட்டும் மினுக்குபவை. பார்த்தால் தெரியும், அகலத்தை விற்று நிறத்தை வாங்குகிறோம், விலை மாறவில்லை. மோட் 4-ம் 5-ம் பாதி விலை, 10 கேபி. 4-ல் 320க்கு 256, இரண்டு நிறம். 5-ல் 160க்கு 256, நான்கு நிறம். 3-ம் 6-ம் எழுத்துக்கு மட்டும், இப்போது அவை வேண்டாம். மோட் 7 தனி ரகம், ஒரே ஒரு கேபி.

இப்போது உங்கள் கணக்கு. மோட் 2-ல் ஹைமெம் 12288. உங்கள் நிரல் தொடங்குவது 6400-ல். இடையில் 5888 பைட். நிரல் 7340. இடமே இல்லை. காலி மெஷினில் ‘மோட் 2’ என்று தனியாகத் தட்டியபோது போனது, நிரல் ஏறியதும் போகாதது, இதனால்தான்.

கேசட் மட்டும் வைத்திருந்தவர்களுக்கு பேஜ் 3584. ஃப்ளாப்பி அமைப்பு தன் வேலைக்கு 2816 பைட் எடுத்துக்கொள்கிறது. கேசட் மெஷினாக இருந்தால் உங்கள் நிரல் மோட் 2-ல் 8704-க்குள் உட்கார்ந்திருக்கும், ஆனால் மாறிகளுக்கு மிஞ்சுவது மிகக் குறைவு.

மோட் 4-க்கோ 5-க்கோ வந்தால் ஹைமெம் 22528. 16128 பைட் கிடைக்கும். உங்கள் நிரல் போக 8788 மிச்சம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மோட் 2-ஐ விட்டுவிடுவேன்.

#7 கேசட்காலம் | ஞாயிறு, காலை 9.50

ஸ்ரீராம்புரத்திலிருந்து வணக்கம். என்னிடம் இருப்பது டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற வீட்டுக் கணினி, 80களில் இந்தியாவிலேயே உரிமம் வாங்கிச் செய்து விற்றது. மாமா வாங்கிக் கொடுத்தது, இன்றும் ஓடுகிறது.

எனக்கு எப்போதும் தோன்றுவது இதுதான்: இவ்வளவு மோட் எதற்கு? ஸ்பெக்ட்ரத்தில் ஒன்றே ஒன்று. 256க்கு 192 புள்ளி. புள்ளிகளுக்கு 6144 பைட், நிறத்துக்கு 768, ஆக 6912. எட்டு நிறமும் உண்டு, பிரகாசமாக்கும் வசதியும் உண்டு. 48 கேபியில் நாற்பதுக்கு மேல் நிரலுக்கே. எந்த நாளும் ‘பேட் மோட்’ வராது. திரை 16384-ல் தொடங்கும் என்று ஒருமுறை மனப்பாடம் செய்தால் ஆயுளுக்கும் போதும். ஒரு மெஷினை முழுசாகக் கையில் பிடித்த உணர்வு அதில் கிடைத்த மாதிரி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

எழுத்து சொல்லித்தர எட்டு நிறத்துக்கு 20 கேபி கொடுப்பது அநியாயம்.

#8 பச்சைத்திரை | ஞாயிறு, காலை 11.05

கேசட்காலம், 6912-ல் எட்டு நிறம் என்பது உண்மை. ஆனால் 8க்கு 8 கட்டம் ஒவ்வொன்றிலும் இரண்டு நிறம்தான். சிவப்புப் பூவின்மேல் பச்சை இலை கொஞ்சம் நுழைந்தால் கட்டம் முழுக்க நிறம் மாறிவிடும். படம் வரைந்தவர்கள் அந்தக் கட்டத்துக்குள் எப்படி ஒளிந்து வரைந்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். பிபிசியின் மோட் 2-ல் எந்தப் புள்ளியும் எந்த நிறத்திலும் இருக்கலாம். 20 கேபி கொடுப்பது அந்தச் சுதந்திரத்துக்குத்தான்.

ஒரே அளவுச் சட்டையை எல்லோருக்கும் தைக்க முடியாது. கடிதம் அடிப்பவனுக்கு 80 எழுத்து வரி வேண்டும், விளையாட்டு எழுதுபவனுக்கு நிறம் வேண்டும், கணக்குப் போடுபவனுக்கு நினைவகம் வேண்டும். மூவரும் ஒரே பெட்டியை வாங்கினார்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எழுத்து ஒவ்வொன்றும் தன் கட்டத்துக்குள் தனியாக நிற்கிற நிரலுக்கு ஸ்பெக்ட்ரத்தின் ஏற்பாடு சிக்கனமானது. இந்த வேலைக்கு நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

#9 கணக்கு டீச்சர் | ஞாயிறு, மாலை 4.25

அல்சூர் தம்பி, உங்கள் முதல் பதிவைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மெஷினை நான் வகுப்பறையில் வைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். 1984-85ல் மத்திய அரசு பள்ளிகளில் கணினி கற்பிக்கும் ‘கிளாஸ்’ திட்டத்தைத் தொடங்கி, முதலில் சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கொடுத்தது. கணக்கு டீச்சர் என்பதால் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதுவரை நான் தொட்ட மிகப் பெரிய மெஷின் தையல் மெஷின்.

நாங்கள் எல்லாவற்றையும் மோட் 7-லேயே செய்வோம். காரணம் பச்சைத்திரை சார் சொன்ன அதே ஒரு கேபி. 40 எழுத்து, 25 வரி, ஆயிரம் இடம், இடத்துக்கு ஒரு பைட். எழுத்தின் வடிவம் நினைவகத்தில் கிடையாது, எஸ்ஏஏ5050 என்ற டெலிடெக்ஸ்ட் (டிவியில் எழுத்துச் செய்தி காட்டும் முறை) சில்லுக்குள்ளேயே பொறித்திருக்கும். டிவியிலும் படிக்கத் தெளிவாக இருக்கும். நிறம் மாற்ற வேண்டுமானால் அந்த இடத்தில் ஒரு கட்டுப்பாட்டுக் குறியை வைப்போம், அது ஒரு வெற்றிடத்தைத் தின்றுவிடும்.

அதனால் தம்பி, மோட் 7-ல் தமிழ் வராது. சில்லுக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, அதை நம்மால் மாற்ற முடியாது. மற்ற மோட்களில் ‘விடியு 23’ (விடியு என்பது திரைக்குக் குறிகளை அனுப்பும் கட்டளை) போட்டு நாமே எழுத்து செய்துகொள்ளலாம். நான் செய்த வழியைச் சொல்கிறேன்.

கட்டத்தாளில் 8க்கு 8 கட்டம் போடுங்கள். இடமிருந்து வலமாகக் கட்டங்களின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. கறுப்பாக்கிய கட்டங்களின் மதிப்பை வரி வரியாகக் கூட்டுங்கள். எட்டு வரிக்கு எட்டு எண். அகர வரிசையில் ஆரம்பிக்காதீர்கள், ‘அ’ வளைவு நிறைந்த எழுத்து, கட்டத்தில் அடங்காமல் மனசை நோகடிக்கும். நேர்கோட்டு எழுத்தில் ஆரம்பியுங்கள். பிள்ளைகளுக்கு எழுதப் பழக்கும்போதும் ட, ப, ம என்றுதானே தொடங்குவோம்?

ட:
விடியு 23,224,192,192,192,192,192,254,254,0

ப:
விடியு 23,225,198,198,198,198,198,254,254,0

பிறகு 225-ஆம் குறியின் எழுத்தை அச்சிட ‘பிரின்ட் சிஎச்ஆர்டாலர்(225)’. என் வகுப்பில் முதன்முதலாக ‘ப’ வந்தபோது ஐம்பது பிள்ளைகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கன்னடப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள் எல்லோரும்தான். அடுத்த வாரம் கன்னட ‘ಗ’ வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள்.

#10 அல்சூர்க்காரன் | ஞாயிறு, இரவு 9.10

டீச்சர், மகளை மடியில் உட்கார வைத்துக்கொண்டு இப்போதுதான் தட்டினேன். ‘ப’ வந்துவிட்டது. ஆனால் மோட் 2-ல் அது சப்பையாக, அகலமாக இருக்கிறது, கட்டிலைப் போல. தவிர நிறமே வரவில்லை, சாம்பலின் பல அழுத்தங்கள் மட்டும். டிவி வண்ண டிவிதான், மஞ்சள் ஆர்சிஏ வழியாகக் கொடுத்திருக்கிறேன்.

#11 சாலிடர்கை | ஞாயிறு, இரவு 10.00

அண்ணா, நிறம் வராதது உங்க தப்பு இல்ல. மாடல் பி-யோட வீடியோ அவுட் ஃபேக்டரியிலிருந்தே கறுப்பு-வெள்ளைதான். போர்டுல எஸ்39-ன்னு ஒரு இணைப்பு திறந்தே இருக்கும், அதை ஒரு சின்ன கம்பி வெச்சு சாலிடர் பண்ணா கலர் சேர்ந்துடும். ஆனா அதுக்கப்புறம் எழுத்தோட ஓரம் கொஞ்சம் கலங்கும், கலர் சிக்னல் மேல ஏறுறதால. முடிஞ்சா பின்னாடி இருக்கிற ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியா வர்ற) சாக்கெட்ல இருந்து எடுங்க, சுத்தமா வரும். கன்வெர்ட்டர் வாங்கும்போது 15 கிலோஹெர்ட்ஸ் எடுக்கும்னு கேட்டு, கடையிலேயே போட்டுப் பாத்துட்டு வாங்குங்க. சாதாரண விஜிஏ மானிட்டர் 31-க்குக் கீழ எடுக்காது.

இன்னொண்ணு. மேல் வரி டிவி ஓரத்துல ஒளிஞ்சிருந்தா ‘ஸ்டார் டிவி 255’னு (ஸ்டார்னா * குறி) தட்டிட்டு மறுபடியும் மோட் மாத்துங்க. படம் ஒரு வரி கீழ இறங்கும். தட்டின உடனே எதுவும் நடக்காது, அடுத்த மோட் மாற்றத்துலதான் எடுக்கும். இது தெரியாம டிவியையே கழட்டினவங்க வண்டி போட்டு எங்கிட்ட வந்திருக்காங்க.

#12 ஆம்பர்720 | திங்கள், காலை 8.05

மாரத்தஹள்ளியிலிருந்து. நான் ஐபிஎம் பிசி எக்ஸ்டி பக்கத்து ஆள். இழை மோட் மாற்றத்தைப் பற்றி என்பதால் ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

நான் படித்த காலத்தில் இங்கே பரவலாக இருந்தது ஹெர்குலிஸ் என்ற திரைக் கார்டும் ஆம்பரோ பச்சையோ ஒற்றை நிற மானிட்டரும். கார்டு 1982-ல் வந்தது. 720க்கு 348 புள்ளி. எழுத்து முறை பயாஸுக்கு (கணினிக்குள் பொறித்த அடிப்படை நிரல்) தெரியும், ஆனால் ஹெர்குலிஸ் வரைபட முறை ஐபிஎம் பயாஸில் கிடையாது. சிஜிஏ என்ற வண்ணக் கார்டு வைத்திருந்தவர்கள் இன்டரப்ட் 16 என்ற பயாஸ் அழைப்பில் ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும், 3 என்றால் எழுத்து, 4 என்றால் 320க்கு 200. எங்களுக்கு அந்த வழி இல்லை. திரைக்கான துடிப்புகளை உருவாக்கும் 6845 சில்லின் பதிவேடுகளில் ஒவ்வொன்றாக நாமே எண் எழுதவேண்டும்: வரிக்கு எத்தனை, திரைக்கு எத்தனை வரி, ஒத்திசைவுத் துடிப்பு எங்கே.

ஒரு நாள் ராத்திரி வேறொரு கார்டுக்கான எண் பட்டியலை அதில் எழுதிவிட்டேன். திரை சுருங்கியது, கீச்சென்று ஒரு சத்தம், பிறகு சூடான பிசின் வாசனை. லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது, நம் டிவி மெக்கானிக்குகள் ஈஎச்டி என்பார்களே அதுதான். அந்தக் கால ஒற்றை நிற மானிட்டர்கள் 18.4 கிலோஹெர்ட்ஸுக்கென்றே செய்யப்பட்டவை. ஒத்திசைவு தாறுமாறாக வந்தால் மறுத்துவிடும் பாதுகாப்பு அவற்றில் இல்லை. அப்பா மூன்று மாதச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வாங்கியது அது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் மனசில் நிற்கிறது.

ஆகவே 6845-ன் எண்களை நேரடியாக மாற்றிப் பார்க்கும் ஆசை வந்தால், ஒரு கையை மின் ஸ்விட்சில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பிபிசியிலும் அதே சில்லுதான்.

தமிழைப் பற்றி: எங்கள் எழுத்து முறையிலும் டீச்சர் சொன்ன அதே கதைதான், வடிவங்கள் கார்டின் ராமுக்குள் பொறித்தவை. அரசு ஆய்வு நிறுவனமான சிடாக்கின் ஜிஸ்ட் கார்டு போல தனியாக ஒரு கார்டைச் செருகினால்தான் சாதாரண எழுத்துத் திரையிலேயே இந்திய மொழிகள் வந்தன. இல்லாவிட்டால் வரைபட முறைக்குப் போய் ஒவ்வொரு எழுத்தையும் வரையவேண்டும். 1984-ல் இஜிஏ கார்டும் 1987-ல் விஜிஏ கார்டும் வந்த பிறகுதான் எழுத்து முறையிலேயே நம் சொந்த எழுத்துருவை ஏற்ற முடிந்தது. அப்போதும் 8 புள்ளி அகலம்தான், ‘ண’வை அதில் திணிப்பது பாவம்.

(திருத்தம்: ‘கார்டின் ராமுக்குள்’ என்பது தவறு. ரோம். படிக்க மட்டும் முடியும் சில்லு.)

#13 கேசட்காலம் | திங்கள், மதியம் 1.30

ஆம்பர்720, உங்கள் அப்பாவை நினைத்தால் மனசு கனக்கிறது.

அல்சூர்க்காரருக்கு ஒரு கேள்வி. நாமே செய்யும் எழுத்துகளுக்கு ஸ்பெக்ட்ரத்தில் 21 இடம்தான். பிபிசியில் எத்தனை? உயிர் 12, மெய் 18, மேலே கொம்பு, கால், புள்ளி என்று போனால் எங்கே வைப்பீர்கள்?

#14 கணக்கு டீச்சர் | திங்கள், மாலை 6.15

சாதாரணமாக 32, குறி எண் 224 முதல் 255 வரை. ஆனால் அது போதாது என்று கவலைப்பட வேண்டாம். நான் இரண்டு குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு முழு நெடுங்கணக்கையும் எழுதியிருக்கிறேன்.

பிபிசியின் வரைபட மோட்களில் ஓர் எழுத்தை அச்சிட்டதும் அது வெறும் புள்ளிகளாகத் திரையில் பதிந்துவிடும். பிறகு அந்தக் குறிக்கு வேறு வடிவம் கொடுத்தாலும் ஏற்கெனவே அச்சான எழுத்து மாறாது. ஆக, ‘விடியு 23’ போட்டு 224-ஐ ‘க’ ஆக்கு, அச்சிடு. அதே 224-ஐ ‘ங’ ஆக்கு, அச்சிடு. கோலமாவு டப்பா மாதிரி, மூடியை மாற்றி மாற்றி இழுப்பதுதான்.

வளைந்த எழுத்துக்கு 8க்கு 8 போதாது. இரண்டு குறி பக்கத்தில் பக்கத்தில், இரண்டு கீழே, ஆக நான்கு குறியில் 16க்கு 16. ‘ஞ’ கூட அழகாக உட்காரும். எழுத்துக்கு 32 பைட்.

#15 பச்சைத்திரை | திங்கள், இரவு 8.50

டீச்சர் சொன்னது இந்த இழையில் வந்த மிக முக்கியமான விஷயம். இதே தந்திரம் அந்தக் காலத்து வேறு கணினிகளான கமடோர் 64-ன் எழுத்து முறையிலோ எம்எஸ்எக்ஸின் ஸ்க்ரீன் 1-லோ பலிக்காது. அங்கே திரையில் இருப்பது எழுத்தின் எண் மட்டும். வடிவத்தை ஒவ்வொரு நொடியும் அட்டவணையிலிருந்து சில்லு எடுத்து வரையும். ‘க’வை ‘ங’ ஆக்கினால் திரையிலிருக்கும் எல்லா ‘க’வும் ஒரே கணத்தில் ‘ங’ ஆகிவிடும்.

ஆனால் கமடோரில் பிபிசியில் இல்லாத ஒன்று உண்டு. 53265 என்ற முகவரியில் 32 மதிப்புள்ள பிட்டை ஏற்றினால் புள்ளிப்பட முறை, இறக்கினால் எழுத்து முறை. யாரும் நினைவகத்தை அழிப்பதில்லை. முதல்முறை போனால் குப்பைதான் தெரியும். ஆனால் ஒருமுறை படம் வரைந்துவிட்டால் எழுத்துக்கும் படத்துக்கும் இடையே போய் வரலாம், இரண்டும் அப்படியே இருக்கும். ஆப்பிள் 2-ம் அப்படித்தான், -16304-ஐத் தொட்டால் படம், -16303-ஐத் தொட்டால் எழுத்து. படிப்பதோ எழுதுவதோ தொட்டால் போதும். விஜிஏவில்கூட மோட் எண்ணோடு 128 கூட்டிக் கொடுத்தால் பயாஸ் திரையை அழிக்காது.

பிபிசியின் மோட் கட்டளை ஒவ்வொரு முறையும் பலகையைத் துடைத்துவிட்டே தொடங்கும். அது கண்டிப்பான வாத்தியார். துடைக்காமல் கண்ணாடியை மட்டும் மாற்ற ஒரு வழி உண்டு. மோட் 4-க்குப் போய் ஏதாவது தட்டிவிட்டு, அதே நினைவகத்தை மோட் 5 ஆகக் காட்டும் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

ஸ்டார் எஃப்எக்ஸ் 154,196

திரும்பி வர: ஸ்டார் எஃப்எக்ஸ் 154,136

மோட் 4-ம் 5-ம் ஒரே 10 கேபி, 6845-ன் எண்களும் ஒன்றே. வித்தியாசம் வீடியோ யுஎல்ஏ என்ற சில்லில் ஒரு பைட். 1984-ல் வந்த ‘எலைட்’ விளையாட்டில் மேல்பாதி விண்வெளி மோட் 4-ல், கீழே கருவிப் பலகை நிறத்தோடு மோட் 5-ல் இருக்கும். படம் வரையப்படும்போதே, ஒவ்வொரு சட்டகத்திலும் சரியான வரி வந்ததும் டைமர் எழுப்பி, அந்த பைட்டை மாற்றிவிடுவார்கள். நொடிக்கு ஐம்பது முறை. முதன்முதலில் அது எனக்குப் புரிந்த அன்று ஜாலஹள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன், பஸ் ஏறத் தோன்றவில்லை.

#16 அல்சூர்க்காரன் | செவ்வாய், இரவு 10.30

154-ஐச் செய்து பார்த்தேன். மோட் 4-ல் என் மகள் பெயரை ஆங்கிலத்தில் தட்டியிருந்தாள். கட்டளை போட்டதும் ஒவ்வொரு எழுத்தின் இடது பாதி மட்டும் இரு மடங்கு அகலமாகி அதே கட்டத்தை நிரப்பிக்கொண்டது, வலது பாதியைக் காணோம். ‘மீதி எங்கேப்பா போச்சு?’ என்று கேட்டாள். ஏன் அப்படி?

#17 பச்சைத்திரை | செவ்வாய், இரவு 11.10

எங்கும் போகவில்லை, அங்கேயே இருக்கிறது. மோட் 4-ல் ஒரு பைட்டின் எட்டு பிட்டும் எட்டுப் புள்ளி. மோட் 5-ல் அதே பைட் நான்கே புள்ளி, புள்ளிக்கு இரண்டு பிட், ஒன்று இடது பாதியிலிருந்து, ஒன்று வலது பாதியிலிருந்து. நிற அட்டவணை இன்னும் மோட் 4-க்கானது. அதில் முதல் பிட்டுக்குத்தான் மதிப்பு, அதனால் வலது பாதி நிறத்தைத் தீர்மானிப்பதில் சேரவில்லை. ‘விடியு 19’ என்பது மோட்டை நம்பி வேலை செய்வது, இந்த நிலையில் அதைத் தொடவேண்டாம். 136 கொடுங்கள், பாப்பாவின் பெயர் முழுசாகத் திரும்பிவிடும்.

உங்கள் நிரலுக்கு இப்போது என் யோசனை. மோட் 4 போதும். 16க்கு 16 எழுத்து என்றால் வரிக்கு 20, பதினாறு வரி. வளைவு ஒழுங்காக வரும். மோட் 2-ல் கட்டில் மாதிரி ஆனது புள்ளி அகலம் என்பதால்தான். மோட் 0-ல் டீச்சரின் இரட்டைக் குறி முறை மிக அழகாக இருக்கும், வரிக்கு 40 தமிழ் எழுத்து, ஆனால் 20 கேபி போய்விடும், டிவியில் அந்த நுணுக்கம் கலங்கியும் போகும்.

நிறம் வேண்டுமென்றால் மோட் 4-லேயே ‘விடியு 19,1,3,0,0,0’ கொடுங்கள். வெள்ளையாக இருந்த எழுத்தெல்லாம் ஒரே கணத்தில் மஞ்சள். 3-க்குப் பதில் 1 சிவப்பு, 2 பச்சை. எதையும் மறுபடி வரையவேண்டாம்.

மோட் மாற்றுவதற்கு: முதல் வரியிலேயே ‘மோட் 4’ போட்டுவிடுங்கள். ஹைமெம் 22528-க்கு இறங்கிவிடும். அதன்பின் ப்ராக்குக்குள் ‘மோட்’ என்று எழுதாமல் ‘விடியு 22,7’, ‘விடியு 22,4’ என்று எழுதுங்கள். விடியு 22 நேரே இயக்க முறைமையிடம் போகிறது, பேசிக்கின் எல்லையைத் தொடாது, தடுக்கவும் தடுக்காது. காவல் இல்லாத வாசல் அது. வரப்பை முன்பே சரியான இடத்தில் வைத்திருந்தால் மட்டும் அதில் போங்கள். மோட் 7-ல் இருந்தபடி விடியு 22,2 கொடுத்தால் திரை உங்கள் நிரலின் மேலேயே வரையும்.

#18 சாலிடர்கை | புதன், காலை 9.30

சார் சொன்ன கடைசி வரியை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. சேவ் பண்ணாம ரன் பண்ணாதீங்க.

#19 அல்சூர்க்காரன் | சனி, இரவு 9.55

ஒரு வாரமாக எழுதாததற்கு மன்னிக்கவும். கட்டத்தாளும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டோம். அவள் கறுப்படிக்க, நான் கூட்ட, அவள் சரிபார்க்க. 128-ம் 64-ம் 192 என்பது இப்போது அவளுக்கு விரல் நுனியில்.

நிரல் ஓடுகிறது. தலைப்பு மோட் 7, எழுத்து மோட் 4, ப்ராக்குக்குள்ளேயே விடியு 22. ஒருமுறைகூட ‘பேட் மோட்’ வரவில்லை. டேட்டா வரிகளில் எண்ணாக எழுதியிருந்த வடிவங்களை ஒரு கோப்பில் பைட்டாகப் போட்டேன், 7340 இப்போது 4100-க்கு வந்துவிட்டது. எஸ்39-ஐ சாலிடர்கை தம்பியே வீட்டுக்கு வந்து போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை, அம்மா கையால் ஒரு காபியோடு சரி.

இதுவரை செய்தது ட, ப, ம, க, ர, ச, பிறகு புள்ளி. இன்று சாயங்காலம் மூன்று எழுத்தை வரிசையாக மஞ்சளில் வரவழைத்துவிட்டு நான் பேசாமல் இருந்தேன். அவள் திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்து ‘ப... ட... ம்’ என்றாள். ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி, ‘படம்! அப்பா, படம்னு எழுதியிருக்கு’ என்றாள். உள்ளே போய்ப் பாட்டியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

டீச்சர், ‘ழ’வுக்கு அந்தக் கீழ்ச்சுழி 16 வரிக்குள் அடங்க மாட்டேன் என்கிறது. நாளைக்கு அவளுக்கு ‘மழை’ வேண்டுமாம். நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

#20 கணக்கு டீச்சர் | சனி, இரவு 10.20

மேல் கோட்டை இரண்டு வரி இறக்குங்கள் தம்பி, தலைக்கு இடம் குறைந்தால் ‘ழ’ கோபிக்காது. சுழிக்குக் கடைசி நான்கு வரியையும் முழுசாகக் கொடுங்கள். என் பழைய கட்டத்தாள் நோட்டு பரணில் இருக்கிறது. நாளைக்குப் பேரனை ஏற்றி எடுத்து, அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துப் போடுகிறேன். ‘ஐ’காரக் கொம்பும் அதே பக்கத்தில்தான் இருக்கும்.